ஆணித் தராசில் ஏறிய ஆம்ப்

உங்கள் காதை நீங்கள் நம்புகிறீர்களா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். நடுவில் ஒரு போர்வையைக் கட்டிவிடுவோம். அந்தப் பக்கமிருந்து ஒரு கிட்டார் ஒலிக்கட்டும். வாசிப்பது ஆணா பெண்ணா, வயது இருபதா நாற்பதா, சத்தம் வரும் பெட்டியின் விலை பத்தாயிரமா ஒரு லட்சமா என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாதென்றால், போர்வையை விலக்கிய மறுநொடி மட்டும் அதே சத்தம் எப்படி ஒருத்தருக்கு இசையாகவும் இன்னொருத்தருக்குக் கூத்தாகவும் மாறிப்போகிறது?

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் இந்துமதிக்கு இந்தக் கேள்வி நான்கு வருடமாகத் தொண்டையில் நின்றது.

இந்துமதிக்கு நாற்பத்து நான்கு வயது. துறைமுகச் சாலையில் உள்ள ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கவேண்டிய காகிதங்களைத் தயார் செய்பவள். இருபத்திரண்டு வருடங்களில் மர உருளை முதல் முந்திரிக்கொட்டை வரை அவள் கைபடாமல் இறங்கிய சரக்கு குறைவு. சரக்கை அவள் கண்ணால் பார்த்ததில்லை, காகிதத்தில் பார்ப்பாள். அதுவே அவளுக்குப் போதும்.

கிட்டார் அவளுடையது அல்ல. மகள் சரண்யாதேவி பன்னிரண்டாம் வகுப்பில் அழுது அடம்பிடித்து வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார். இரண்டு மாதம் வாசித்தாள். விரல் வலிக்கிறது என்றாள். பிறகு கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போய்விட்டாள். கிட்டார் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. ஒருநாள் தூசி தட்டப் போன இந்துமதி, தட்டிவிட்டுத் திரும்ப வைக்கவில்லை. கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அலுவலகம் விட்டு வந்து, உலை வைத்துவிட்டு, ஆறரை மணியிலிருந்து ஏழரை வரை. நான்கு வருடத்தில் ஒருநாள் விடவில்லை, கொரோனா காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாள் தவிர.

ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தனியாகக் குரல் கிடையாது. ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் செருகினால்தான் அது பேசும். செருகாமல் வாசித்தால் ரப்பர் பேண்டைச் சுண்டுகிற சத்தம்தான். இந்துமதி வாசித்ததெல்லாம் அப்படித்தான். அவள் மனசுக்குள் கேட்டதோ வேறு. எழுபதுகளில் வந்த சினிமாப் பாட்டுகளில், பாடகி மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு கிட்டார் நுழையுமே, வெல்லப்பாகு மாதிரி உருண்டு, ஓரத்தில் லேசாகக் கரகரத்து, அந்தச் சத்தம். கம்பி அவளிடம் இருந்தது, விரலும் இருந்தது. சத்தம் மட்டும் பாக்கி.

பெட்டி வாங்குவதுதானே என்பீர்கள். கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் வெள்ளத்துரை இருந்தார்.

வெள்ளத்துரைக்கு அறுபத்து மூன்று வயது. நாற்பது வருடமாக ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர். கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதற்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வாசலில் குழாய்களை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகச் சோதிப்பார். அந்த ஐந்தரை மணிக்குத் தெருவில் ஒரு நாய்கூட ஆட்சேபித்ததில்லை. மகள் கிட்டார் வாங்கிய புதிதில், தோழியிடம் ஒரு சின்னப் பெட்டியை இரவல் வாங்கி வந்து இரண்டு நாள் வாசித்தாள். மூன்றாம் நாள் வெள்ளத்துரை மாடி ஏறி வந்தார்.

"லிங்கராசு, பொம்பளப் பிள்ளைய இருக்க வீட்ல இதென்னப்பா கூத்து? இன்னொருக்க சத்தம் கேட்டுச்சின்னா வேற வீடு பாத்துக்கிடுங்க."

இந்துமதியின் கணவன் லிங்கராஜ் அன்று தலையை ஆட்டினான். அலுவலகத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தட்டுப்பாடு இல்லாத, இந்த வாடகைக்கு இப்படி ஒரு வீடு இனிமேல் கிடைக்காது என்பது அவன் கணக்கு. அவன் கணக்கில் தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

இந்தத் தீபாவளிக்குப் போனஸ் வந்ததும் இந்துமதி அறிவித்தாள்.

"ஆம்ப் வாங்கப் போறேன். பதினஞ்சாயிரத்துக்கு மேல கெடையாது. பழைய பாட்டுல வார சத்தம் வரணும். வீட்டுக்குள்ள மட்டும் கேக்கணும்."

"ஹெட்போன் வாங்கிக்கோயேன். யாருக்கும் தொந்தரவு இல்ல," என்றான் லிங்கராஜ்.

"நீங்க கடையில பேசுததெல்லாம் ஹெட்போன்லயா பேசுதீய?"

லிங்கராஜுக்குத் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஹார்டுவேர் கடை. பெயின்ட், பைப், ஆணி, தாழ்ப்பாள். பேச்சுதான் அவன் முதலீடு. அவன் ஹெட்போனை அத்தோடு விட்டுவிட்டான். ஆனாலும் நல்லது செய்கிறேன் என்று மறுநாள் ஒரு வேலை செய்தான். ஊரில் ஆம்ப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார் என்று யோசித்து, "நண்பருக்கு வேணும்" என்று வெள்ளத்துரையிடமே கேட்டுவிட்டு வந்தான்.

"என்ன சொன்னாவ?" என்றாள் இந்துமதி.

"ஐநூறு வாட்டுக்குக் கொறஞ்சு வாங்குனா அது ஆம்பே இல்லையாம். மூணு தெருவுக்குக் கேக்கணுமாம்."

"நமக்கு ஒரு சுவருக்கே கேக்கக் கூடாது. நல்லா விசாரிச்சீய."

இரண்டாவது ஆலோசகன் எஸ்றா. அலுவலகத்தில் காகிதங்களைத் துறைமுகத்துக்குள் கொண்டு அலைகிறவன். ஞாயிற்றுக்கிழமை சபையில் கிட்டார் வாசிக்கிறவன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான்.

"யக்கா, அந்தக் காலத்துச் சத்தம்னா வால்வுதான். கண்ணாடிக் குழல் மாதிரி இருக்கும், சூடாகி வெளிச்சமா எரியும். இப்ப வாரதெல்லாம் சிப்பு. சிப்புல சத்தம் வரும், ஆத்மா வராது."

"ஆத்மாவுக்கு எத்தன வோல்ட் வேணும்லே?"

"சிரிக்காதீயக்கா. காதால கேட்டா தெரிஞ்சிரும்."

"சரி, காதால கேப்போம்," என்றாள் இந்துமதி. அந்தச் சொல்லை அவள் சும்மா சொல்லவில்லை.

வால்வு ஆம்ப் புதிதாக வாங்கினால் அவள் போனஸைப்போல் இரண்டு மடங்கு. எஸ்றாவே ஒரு வழி கண்டுபிடித்தான். பீச் ரோட்டுப் பக்கம் செல்வதுரை என்பவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். கப்பலில் இருந்து இறங்கியது என்று சொல்லிக் கடிகாரம், பைனாகுலர், டேப் ரிக்கார்டர் எல்லாம் விற்பார். அவர் கடை நடுவில், பழுப்புத் துணி போர்த்த ஒரு பெட்டி. முதுகுப் பக்கம் கம்பி வலைக்குள் இரண்டு வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன.

"லண்டன் சாமான். அறுபத்து நாலாம் வருசம். கப்பல் கேப்டன் ஒருத்தரு வச்சிருந்தது. பதினஞ்சு வாட், பன்னெண்டு இஞ்ச் ஸ்பீக்கர். உங்களுக்குன்னு பதினாலாயிரம்," என்றார் செல்வதுரை.

எஸ்றா வாசித்துப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். "கேக்குதீயளாக்கா? அந்தச் சூடு! இதுதாங்க்கா, இதுதான்."

இந்துமதிக்கும் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வெளிச்சம் பிடித்திருந்தது. இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு மீதி தருகிறேன் என்று இரண்டாயிரம் கொடுத்தாள். லிங்கராஜ் ஸ்கூட்டரில் வந்து ஏற்றிக்கொள்ளக் காத்திருந்தான். ஒளிர்ந்த வால்வைப் பார்த்ததும் அவன் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"வெளக்கு ஏத்துன மாதிரி இருக்குளா!"

இந்துமதி பெட்டியைக் கையில் எடுத்தாள். நாலு படி இறங்கினாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்னளா?"

"ஒத்தக் கையால தூக்கிட்டேன்."

"அதுக்கென்ன, நீ பலசாலி."

"வீட்டுக்கு வேண்டாம். கடைக்கு விடுங்க வண்டிய."

இங்கே அவள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சரக்கின் காகிதத்தில் பெயர் இருக்கும், விலை இருக்கும், எடை இருக்கும். பெயரில் பொய் எழுதுவது சுலபம். விலையில் பொய் எழுதுவது அதைவிடச் சுலபம். எடை மட்டும் அப்படி வளையாது. ஒருமுறை ஒரு வியாபாரி பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒரு கன்டெய்னருக்குக் காகிதம் அனுப்பினான். இந்துமதி எடையைப் பார்த்தாள். நாற்காலியின் எண்ணிக்கையைப் பார்த்தாள். ஒரு நாற்காலி இருபத்தாறு கிலோ வந்தது. "இது மேல ஆனைதான் உக்காரணும்" என்று சொல்லி, அந்தக் காகிதத்தைத் தொடமாட்டேன் என்று முதலாளி மேசையில் திருப்பி வைத்தவள். முதலாளி அன்று கோபித்தார். அடுத்த மாதம் அதே வியாபாரி வேறு ஒரு ஏஜென்டோடு மாட்டிக்கொண்டபோது, இந்துமதியைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தார்.

வால்வு ஆம்புக்குள் இரும்புப் பாளங்களில் செம்புக் கம்பி சுற்றிய இரண்டு டிரான்ஸ்பார்மர் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் வால்வு வேலை செய்யாது. இரும்புக்கு லண்டன், தூத்துக்குடி என்ற பேதமில்லை, கனக்கத்தான் செய்யும். பதினைந்து வாட், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட வால்வுப் பெட்டிகள் என்ன எடை என்று கம்பெனிக்காரர்கள் இணையத்தில் போட்டிருந்த விவரத்தாளை இந்துமதி முன்பே படித்திருந்தாள். பதினான்கு கிலோவுக்குக் குறைந்து ஒன்றுமில்லை.

லிங்கராஜின் கடையில் ஆணி நிறுக்கும் தராசு இருந்தது. இரண்டு இஞ்ச் ஆணியும் கட்டுக்கம்பியும் ஏறி இறங்கும் அந்தத் தட்டில் லண்டன் கேப்டனின் பெட்டி ஏறியது.

ஆறு கிலோ முந்நூற்று ஐம்பது கிராம்.

"ஸ்குரு டிரைவர் எடுங்க."

முதுகுப் பலகையைக் கழற்றினார்கள். உள்ளே உள்ளங்கை அளவு ஒரு சர்க்யூட் பலகை. இரண்டு வால்வும் நிஜ வால்வுதான். ஆனால் அவற்றிலிருந்து கிளம்பிய கம்பிகள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆரஞ்சு நிற எல்.இ.டி. பல்பு உட்கார்ந்திருந்தது; கடையில் ஒளிர்ந்தது அதுதான்.

லிங்கராஜ் பல்பைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "இதப் பாத்தா நான் கன்னத்துல போட்டேன்?"

"பரவால்ல. நம்ம ஊர்ல இத விடக் கொறஞ்ச வெளிச்சத்துக்கெல்லாம் உண்டியல் வச்சிருக்காவ."

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இந்துமதி சத்தம் போடவில்லை. கழற்றிய பலகையை மேலேயே வைத்துக் கயிறு கட்டி எடுத்துப்போனாள்.

"அண்ணாச்சி, கேப்டன் டிரான்ஸ்பார்மர மட்டும் கப்பல்லயே விட்டுட்டுப் போயிட்டாரு போல. ரெண்டாயிரத்தக் குடுங்க."

செல்வதுரை உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கே அது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. "சவத்த மூதி, என் தலையில கட்டிட்டான்லா!" என்று யாரையோ வைதுகொண்டே பணத்தை எடுத்து நீட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "எப்டிம்மா கண்டுபிடிச்சிய? இன்னும் மூணு பெட்டி கெடக்கு."

"தராசு வாங்கி வைங்க அண்ணாச்சி."

எஸ்றாதான் இடிந்துபோனான். அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். "நான் அந்தச் சூட்டக் கேட்டேனேக்கா. சத்தியமா கேட்டேன்."

"கேட்டிருப்ப. நீ வெளிச்சத்தப் பாத்த, காது சூடாயிருச்சி. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நானும்தான் ஏமாந்தேன். இனிமே பாக்காம கேப்போம்."

அதுதான் போர்வை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைக்கு விடுமுறை. ஹார்டுவேர் கடையின் நடுவில், இரண்டு பி.வி.சி. பைப்பை நட்டு, இந்துமதியின் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த மயில் படம் போட்ட போர்வையைக் கட்டினார்கள். போர்வைக்குப் பின்னால் மூன்று பெட்டிகள். ஒன்று, எஸ்றா சபையிலிருந்து அனுமதி கேட்டு முதுகு பிடிக்கத் தூக்கி வந்த நிஜ வால்வு ஆம்ப். அதைத் தராசில் வைக்கவே வேண்டாம், அவன் முனகலே எடை சொல்லியது. இரண்டாவது, பயிற்சிக்கென்று கடைகளில் விற்கும் நாலாயிரம் ரூபாய்ப் பெட்டி; எஸ்றாவின் தம்பியுடையது. மூன்றாவது, இந்துமதி இணையத்தில் பார்த்து, பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பலாம் என்று உறுதி செய்துகொண்டு வரவழைத்த பதினோராயிரத்துப் பெட்டி. சிப்புதான். பழைய வால்வு எப்படி நடந்துகொள்ளுமோ அதைக் கணக்குப் போட்டு நடிக்கும் சிப்பு. ஆனால் எட்டு அங்குல ஸ்பீக்கரும், தட்டினால் கிண்ணென்று சொல்லும் மரப்பெட்டியும் அதற்கு இருந்தன.

ஒரு விஷயத்தில் இந்துமதி கறாராக இருந்தாள். கைப்பேசியில் சத்தம் அளக்கும் செயலியைத் திறந்து, மூன்று பெட்டியையும் ஒரே அளவுக்குக் குறைத்தாள். வீட்டில் எவ்வளவு சத்தத்தில் வாசிக்க முடியுமோ அவ்வளவு.

"எதுக்குக்கா கொறைக்கீய? வால்வு கொஞ்சம் தெறந்து விட்டாத்தான் பேசும்," என்றான் எஸ்றா.

"எது சத்தம் கூடவோ அதுதான் நல்லாருக்குன்னு காது சொல்லும். அது காதோட வியாதி. எனக்கு வேண்டியது என் வீட்ல எது நல்லாருக்குன்னு."

போர்வைக்கு உள்ளே இந்துமதி வாசித்தாள். வெளியே இரண்டு பெயின்ட் டப்பாவில் எஸ்றாவும் லிங்கராஜும் உட்கார்ந்து, பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார்கள். ஒரே மெட்டு, ஒன்பது தடவை, வரிசை மாற்றி மாற்றி. அப்புறம் எஸ்றா உள்ளே போனான். இந்துமதி வெளியே உட்கார்ந்து எழுதினாள். லிங்கராஜ் மூன்றாவது தடவைக்கே "எல்லாம் கிட்டார்தான்" என்று எழுதிவிட்டான். அதுவும் ஒரு நேர்மை.

போர்வையை விலக்கிச் சரிபார்த்தார்கள். எஸ்றா எதை வால்வு என்று எழுதியிருந்தானோ, அதில் பெரும்பாலும் சிப்புப் பெட்டிதான் இருந்தது. சபையிலிருந்து வந்த நிஜ வால்வு, அவ்வளவு தாழ்ந்த சத்தத்தில் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவனைப்போல் மந்தமாக இருந்தது. பெரிய மண்டபத்தில் அது புலி. பத்துக்குப் பத்து அறையில் அதற்கு வேலையில்லை. நாலாயிரத்துப் பெட்டி எஸ்றா, இந்துமதி இருவரிடமும் தோற்றது. அதன் ஸ்பீக்கர் தீப்பெட்டி அளவு. இந்துமதி தன் தாளைப் பார்த்தாள். அவள் மனசுக்குள் நான்கு வருடமாகக் கேட்ட சத்தம் என்று குறிவைத்த இடமெல்லாம் ஒரே பெட்டி.

எஸ்றா தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டான். பிறகு சிரித்துவிட்டான். "அப்ப ஆத்மா எட்டு இஞ்ச்தானாக்கா?"

"மரப்பெட்டியோட சேத்து," என்றாள் இந்துமதி.

லிங்கராஜ் கடை வழக்கப்படி சந்தனக் கிண்ணத்தோடு வந்தான். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் அவன் கை நிற்காது. ஸ்பீக்கர் துணியை நோக்கி விரல் போனபோது இந்துமதி பிடித்தாள். "அங்கன வைக்காதீய, துணி கெட்டுரும். கைப்பிடியில வைங்க." கைப்பிடியில் வைத்தான். இருவருக்கும் திருப்தி.

பெட்டி வீட்டுக்கு வந்தது. திங்கட்கிழமை மாலை ஆறரை. லிங்கராஜ் சன்னலைச் சாத்தினான், திரையை இழுத்தான், கதவிடுக்கில் துண்டு வைத்தான். இந்துமதி செருகினாள். முதல் சுரம் அறைக்குள் உருண்டு வந்தது. அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒருமுறை பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள், யார் பேசியது என்பதுபோல. பிறகு நிறுத்தவில்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை ஏழு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். லிங்கராஜுக்கு முகம் வெளுத்தது. இந்துமதி கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். வெள்ளத்துரை நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"லிங்கராசு! எங்கனப்பா பிடிச்ச? சொல்லவே இல்லையே!"

"எத... அண்ணாச்சி?"

"வால்வு ரேடியோவத்தான் சொல்லுதேன்! மூணு நாளாக் கீழ உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். நாப்பது வருச சர்வீஸுப்பா. வால்வு செட்டு எது, மத்தது எதுன்னு தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவேன். அந்தக் காலத்துப் பாட்டோட மியூசிக் மட்டும் வருது. யாரு வாசிச்சது? பென்டிரைவுல ஏத்திக் குடு. கொடைக்குப் போடுதேன்."

லிங்கராஜின் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. வெள்ளத்துரைக்குத் தெரியாமல் மனைவிக்குக் கண் காட்டினான். அதன் பொருள் தெளிவு: ரேடியோவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இனி ஆயுசுக்கும் நிம்மதியாக வாசிக்கலாம். வீடும் தங்கும், கிட்டாரும் தங்கும். ஒரு சின்னத் தலையாட்டல்தான் விலை.

இந்துமதி யோசித்தாள். யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். தண்ணீர் தட்டாத வீடு. பக்கத்தில் அலுவலகம். தலையை ஆட்டியிருந்தால் அவளை யார் குற்றம் சொல்வார்கள்? ஆனால் பெயரை மாற்றி எழுதிச் சரக்கை இறக்கும் காகிதத்தை அவள் இருபத்திரண்டு வருடமாகத் திருப்பி வைத்தவள். இது அவள் சரக்கு.

"ரேடியோ இல்ல அண்ணாச்சி. நான்தான் வாசிச்சேன்."

வெள்ளத்துரை சிரித்தார். "சும்மா கேலி பண்ணாதம்மா."

அவள் கட்டிலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுத்தாள். அவர் மூன்று நாளாகக் கேட்ட அதே மெட்டு. நாலு வரி வாசித்து நிறுத்தினாள். வெள்ளத்துரையின் சிரிப்பு, கரண்டு போன ரேடியோ செட் மாதிரி பாதியில் நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையில் கிடந்த வளையலைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா, லிங்கராசு? பொம்பளைய இருக்க வீட்ல இந்தச் சத்தம்..."

"ரெண்டு நிமிசத்துக்கு முன்னால இத நீங்க பாட்டுன்னு சொன்னிய அண்ணாச்சி," என்றாள் இந்துமதி. குரல் உயரவில்லை. "நடுவுல என்ன மாறிச்சி? கம்பி மாறிச்சா? பெட்டி மாறிச்சா? ஒங்க காதுக்கு ஒண்ணும் ஆகல. வாசிச்சது நான்னு தெரிஞ்சிது. அவ்ளோதான் மாறிச்சி."

அவள் கைப்பேசியை எடுத்தாள். "வாங்க, அளந்துருவோம். தொழில்காரர், ஒங்களுக்குத் தெரியாததா?"

லிங்கராஜை வாசிக்க உட்கார வைத்தாள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, ஒரே கம்பியைச் சுண்டிக்கொண்டிருந்தான். இருவரும் கீழே இறங்கி வெள்ளத்துரையின் வாசலில் நின்றார்கள். நாற்பத்தெட்டு டெசிபெல். உள்ளே ஓடிய அவர் வீட்டு டி.வி. அறுபத்தொன்று. சனிக்கிழமை காலை குழாய்ச் சோதனையை அவள் சமையலறைச் சன்னலில் அளந்து வைத்திருந்தாள், அதையும் காட்டினாள். தொண்ணூற்றிரண்டு. கைப்பேசி அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், நாற்பத்தெட்டு தொண்ணூற்றிரண்டாகிவிடாது.

வெள்ளத்துரை உள்ளே போய் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்தார். அவர் கெட்டவர் அல்ல. நாற்பது வருடம் ஊரே தன் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று வாழ்ந்தவருக்கு, அடுத்தவர் சத்தமும் ஒரு சத்தம் என்று எவரும் அளந்து காட்டியதில்லை.

"ஏழரைக்கு மேல வாசிக்கக் கூடாது," என்றார் கடைசியில்.

"வாசிக்க மாட்டேன். நீங்களும் காலைல ஏழரைக்கு முன்னால குழாயப் போடாதீய."

"அது சாமி காரியம்லா."

"சாமிக்கு ஏழரைக்கும் காது கேக்கும் அண்ணாச்சி. தெருவுல பரீட்சைக்குப் படிக்க பிள்ளைய இருக்கு."

அவர் முறைத்தார். பிறகு குரலை இறக்கி, தெருவில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு கேட்டார்: "உண்மையச் சொல்லு. அது வால்வு இல்லையா?"

"சிப்பு."

"எத்தன வாட்?"

"பதினஞ்சு. அதுலயும் கால்வாசிதான் வச்சிருக்கேன்."

"வெளிய சொல்லிராதம்மா," என்றார் வெள்ளத்துரை. "மாப்பிள்ளையூரணியில எனக்கு மரியாத போயிரும்."

மாடியில் லிங்கராஜ் இன்னும் அந்த ஒரே கம்பியைச் சுண்டிக்கொண்டிருந்தான். இருவருமே சிரித்துவிட்டார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை குழாய்ச் சோதனை எட்டு மணிக்கு நடந்தது. அதற்கடுத்த வாரம் ஏழுக்கு. பழக்கம் லேசில் போகாது. இந்துமதி சன்னலில் நின்று கைப்பேசியை உயர்த்திக் காட்டினாள். மூன்றாம் வாரம் மறுபடி எட்டு. வீட்டைக் காலி செய்யச் சொல்லி யாரும் மாடி ஏறவில்லை. கதவிடுக்கில் வைத்த துண்டை லிங்கராஜ் எடுத்துவிட்டான். இந்துமதி திரையை விலக்கி, சன்னலையும் திறந்துவிட்டாள். சத்தத்தை ஒரு கோடுகூடக் கூட்டவில்லை. ஆறரை மணிக்கு அது தெருவில் போகிறவர்களுக்கு லேசாகக் கேட்கும். மாடியில் யார் வாசிப்பது என்று கேட்டால், வெள்ளத்துரையே சொல்கிறார், "நம்ம இந்துமதி."

உங்கள் வீட்டிலும் கதவிடுக்கில் துண்டு வைத்துக்கொண்டு ஒருத்தி இருப்பாள். மனைவியோ, மகளோ, தங்கையோ, கீழ்வீட்டுக் குடித்தனமோ. கிட்டாராக இருக்கவேண்டும் என்பதில்லை. பாட்டாக இருக்கலாம், பறையாக இருக்கலாம், சிரிப்பாகக்கூட இருக்கலாம். இன்றைக்குச் சாயங்காலம் போய் அந்தத் துண்டை நீங்களே எடுத்துப்போடுங்கள். பிறகு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழுதாக ஒரு பாட்டைக் கேளுங்கள்.